தேடாமல் இருக்க ஓர் ஊசி

"பதறாதீங்க சார். கதவை உள்ளேருந்து தள்ளாதீங்க. பன்னண்டு நிமிஷத்துல ஆள் வந்துடுவாங்க," என்று தலையில் மாட்டிய மைக்கில் சொல்லிக்கொண்டே அம்சவேணி மேஜைக்குக் கீழே கைப்பேசியைப் பார்த்தாள்.

எழுபத்தொன்று.

"மூச்சு முட்டுது மேடம்," என்றது வேளச்சேரியில் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் நின்றுபோன குரல்.

"முட்டாது சார். மேல ஃபேன் ஓடுது பாருங்க. அதுக்கு எத்தனை றெக்கைன்னு எண்ணிச் சொல்லுங்க."

அவர் எண்ணி முடிப்பதற்குள் எழுபத்தெட்டு ஆகியிருந்தது.

பதினேழு வருஷமாக லிஃப்டில் மாட்டிக்கொள்கிறவர்களுக்குத் தைரியம் சொல்வதுதான் அம்சவேணியின் உத்தியோகம். அவள் குரலைக் கேட்டுப் படபடப்பு அடங்கியவர்கள் ஊருக்குள் ஆயிரக்கணக்கில் இருப்பார்கள். பெரும்பாக்கத்தில் இருபத்திரண்டாவது மாடியில் தனியாகக் கிடக்கும் ஒரு மூன்று மாத நாய்க்குட்டியிடம் மட்டும் அந்தக் குரல் செல்லுபடியாகவில்லை.

குட்டியின் பெயர் பட்டாணி. கைப்பேசியில் ஏறிக்கொண்டிருந்தது அதன் தவிப்பு எண்.

பூட்டிய வீடுகளுக்குள் நாள் முழுக்கக் குரைத்தும் அழுதும் சோபாவைக் குதறியும் கிடந்த நாய்களால் அடுக்குமாடிகளில் தினம் ஒரு சண்டை நடந்த காலம் ஒன்று இருந்தது. அதற்கு முடிவு கட்டத்தான் துணைப்பிராணி உரிம அலுவலகம் வந்தது. புதிதாகக் குட்டி வளர்ப்பவர்களுக்கு முப்பது நாள் சோதனை. குட்டியின் கழுத்தில் ஒரு பட்டை, ஒப்பிட்டுப் பார்க்க ஆளின் மணிக்கட்டில் ஒரு பட்டை. தோலைத் தொட்டுக்கொண்டே இருக்கும் பட்டை, உள்ளே எவ்வளவு தவிப்பு என்று நூற்றுக்குக் கணக்குச் சொல்லும். எண்பதைத் தாண்டிப் பத்து நிமிஷம் நின்றால் ஒரு சிவப்புக் கோடு. மூன்று கோடு விழுந்தால் இரண்டே வழி. எந்நேரமும் ஆள் இருக்கிற வேறு வீட்டுக்குக் குட்டியைக் கொடுத்துவிட வேண்டும். அல்லது ஊசி.

இன்று இருபத்து நாலாவது நாள். பட்டாணிக்கு ஏற்கெனவே இரண்டு கோடு விழுந்திருந்தது.

"மூணு றெக்கை மேடம்," என்றார் வேளச்சேரிக்காரர்.

"ரொம்ப நல்லது சார்," என்றாள் அம்சவேணி. எண் எழுபத்தொன்பதைத் தொட்டு, யோசித்து, எழுபத்தாறுக்கு இறங்கியது. அவள் உள்ளங்கை ஈரமாகியிருந்தது.

---

பட்டாணி வந்ததற்குக் காரணம் நறுமுகை. ஒரே மகள். ஜனவரியில் ஃபின்லாந்துக்குப் படிக்கப் போனாள்.

விமான நிலையத்தில் அவள் அவசரத்தில், "போறேன்பா," என்று சொல்லிவிட்டு வரிசைக்குள் நுழைந்துவிட்டாள். அப்பா கருணாகரனுக்கு அது பொறுக்காது. வீட்டை விட்டுக் கிளம்பும் யாரும் 'போறேன்' என்று சொல்லிவிட்டு அவரிடமிருந்து தப்பியதில்லை. கேஸ் சிலிண்டர் கொண்டுவரும் ஆளைக்கூட நிறுத்தி, "வரேன்னு சொல்லிட்டுப் போப்பா," என்பவர். அன்றைக்குக் கயிற்றைத் தாண்டிப் பாதி வரிசை வரை ஓடி, மகளைத் திரும்பக் கூப்பிட்டு, "போயிட்டு வரேன்னு சொல்லு," என்று கேட்டு வாங்கிக்கொண்டு வந்தார். வந்தவர் அங்கேயே உட்கார்ந்து அழுதார். காவலுக்கு நின்ற பெண் தண்ணீர் பாட்டில் கொடுக்கும்படி ஆயிற்று. அம்சவேணி அழவில்லை. ஒருவர் அழும்போது இன்னொருவர் பை தூக்க வேண்டுமே.

ஜனவரி முழுக்க அவர் மகளுடைய அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். ஹெல்சிங்கியில் எத்தனை டிகிரி என்று சாப்பாட்டுக்கு நடுவில் பார்த்தார். பிப்ரவரியில் எப்படியோ தேறிவிட்டார். அம்சவேணிக்குத்தான் அதற்கப்புறம் ஆரம்பித்தது. அறைக் கதவு திறந்திருந்தால் பார்க்க முடியவில்லை, மூடியிருந்தால் அதைவிட மோசம். மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை, மடியில் உட்காருகிற அளவில், வறுத்த பட்டாணி நிறத்தில் ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

உரிம அலுவலகத்திலிருந்து வந்த பெட்டியில் ஒரே மாதிரி இரண்டு பட்டைகளும் ஒரு கையேடும் இருந்தன. அந்த வீட்டில் மிக்சி வந்தாலும் ஸ்கூட்டர் வந்தாலும் முதலில் சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சந்தனமும் குங்குமமும் இட்ட பிறகுதான் தொடுவார்கள். பட்டைகளுக்கும் அதே மரியாதை கிடைத்தது. கற்பூரம் காட்டி, ஒன்றைப் பட்டாணிக்கும் ஒன்றைத் தனக்கும் கட்டிக்கொண்டாள். எண் ஏற ஏற, ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இரண்டு பட்டைக்கும் மறுபடி ஒரு பொட்டு வைத்தாள். இறங்கட்டும் என்று ஒரு வேண்டுதல்.

கையேட்டில் சொன்னதை அவள் ஒன்று விடாமல் செய்தாள். சாவியை எடுத்துக்கொண்டு எங்கும் போகாமல் சோபாவில் உட்கார்ந்தாள். செருப்பைப் போட்டுக் கழற்றினாள். ஒரு நிமிஷம் வெளியே நின்றாள், அப்புறம் மூன்று, அப்புறம் பத்து. உடுத்திய பழைய நைட்டியைக் குட்டியின் கூடையில் போட்டாள். ரப்பர் உருண்டைக்குள் தயிர்சாதம் அடைத்து உறைய வைத்துக் கொடுத்தாள். அது நக்கி முடிப்பதற்குள் கிளம்பிவிட வேண்டுமாம். போகும்போது சொல்லிக்கொள்ளக் கூடாது, வரும்போது கொஞ்சக் கூடாது என்றும் இருந்தது. அதுதான் அவளுக்கு வரவில்லை. வாய்க்குள்ளாவது "போயிட்டு வரேன்டா" என்று சொல்லாமல் அவளால் வாசலைத் தாண்ட முடியவில்லை.

எண் மட்டும் ஏறிக்கொண்டே போனது.

கேமராவில் பார்த்தால் பட்டாணி நாலு காலையும் நீட்டிக்கொண்டு தூங்குகிற மாதிரிதான் இருந்தது. ஆனால் 'சத்தம் போடாத குட்டியே அதிகம் கவனிக்கப்பட வேண்டியது. அது தவிப்பை உள்ளே வைத்துக்கொள்ளும்' என்று கையேட்டில் தடித்த எழுத்தில் போட்டிருந்தது. அதைப் படித்த நாளிலிருந்து, அது தூங்குவதைப் பார்த்தாலே அவள் உடனே எண்ணைப் பார்த்தாள்.

கைப்பேசியில் ஆளுக்கென்று ஒரு பக்கமும் உண்டு. 'வாழ்த்துகள்! நீங்கள் தினமும் சராசரியாகப் பதினேழு மணி நேரம் உறங்குகிறீர்கள். கொஞ்சம் நடக்கலாமே?' என்று அது ஒருமுறை கேட்டது. கேலி பண்ணுகிறது என்று நினைத்து அந்தப் பக்கத்தையே மூடிவிட்டாள்.

---

"இன்னிக்கு எழுபத்தொம்போது வரைக்கும் போச்சுங்க," என்றாள் அன்று மாலை.

கருணாகரன் வெண்டைக்காயை நறுக்கிக்கொண்டிருந்தார். எல்லாம் ஒரே அளவில், அழகாக விழுந்தன. "கோடு விழலையே."

"விழுந்திருந்தா?"

"அப்ப ஊசி போட்டுடலாம். பக்கத்து வீட்டு ஜோலிக்குப் போட்டிருக்காங்களே, நல்லாத்தானே இருக்கு."

"உங்களுக்கு ஒண்ணுமே தோணலையாங்க?"

"என்ன தோணணும் வேணி?" கோபமில்லை, கிண்டலுமில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்ட கேள்வி மாதிரி இருந்தது. ஹாலில் அவருடைய கைப்பேசி அடித்தது. நறுமுகையின் படம் மின்னியது. "நீ எடேன். கை ஈரமா இருக்கு," என்றார்.

மறுநாள் காலை லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது பக்கத்து வீட்டு எஸ்தர் ஜோலியுடன் வந்தாள். கறுப்பு லேப்ரடார். காதின் உட்பக்கத்தில் துவரம்பருப்பு அளவுக்கு ஒரு பச்சைப் புள்ளி.

"ஊசி போட்டுடு வேணி. நிம்மதி. என் சோபா தப்பிச்சுது."

"வேற எதுவும் மாறலையாக்கா?"

"ஒண்ணும் மாறல. சாப்பிடும், பந்து போட்டா எடுக்கும்." எஸ்தர் லிஃப்ட் பொத்தானை மறுபடி அழுத்தினாள். "போன மாசம் பித்தப்பை ஆபரேஷனுக்கு நாலு நாள் ஆஸ்பத்திரில இருந்துட்டு வந்தேன்ல. கதவைத் திறந்தேன். பாத்துச்சு. எந்திரிக்கல. அவ்வளவுதான்." கொஞ்சம் பொறுத்து, "ஆனா சோபா தப்பிச்சுது," என்றாள்.

அம்சவேணி லீவு போட்டுவிட்டு வீட்டுக்கே திரும்பிவிட்டாள். இன்றைக்கு ஒரு நாளாவது குட்டி தனியாக இருக்க வேண்டாம்.

மத்தியானம் முழுக்கத் தரையில் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். பட்டாணி அவள் தொடைமேல் தாடையை வைத்துக்கொண்டு தூங்கியது. எண் ஐம்பத்தைந்தில் நின்றது. பக்கத்தில் நான் இருக்கும்போதே ஐம்பத்தைந்தா? நினைத்ததும் அறுபது ஆயிற்று.

மூன்று நாற்பதுக்கு நறுமுகை வகுப்புக்குப் போகும் வழியில் தினமும் கூப்பிடுவாள். மூன்று நாற்பது ஆயிற்று. மூன்று ஐம்பது. அழைப்பு வரவில்லை. இவள் கூப்பிட்டால் அங்கே எடுக்கவில்லை. பனியில் வழுக்கி விழுந்திருப்பாளோ? கைப்பேசியின் மேல் மூலையில் எழுபத்திரண்டு. குட்டிக்கு என்னவோ ஆகிறது. எழுபத்தெட்டு. குட்டியைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். "நான் இங்கதான்டா இருக்கேன். எங்கயும் போகல." எண்பத்து மூன்று. பட்டாணி கண்ணைத் திறந்து அவள் மோவாயை ஒருமுறை நக்கிவிட்டு மறுபடி தூங்கிவிட்டது. எண்பத்தாறு.

பத்து நிமிஷம் கழிந்தது. மூன்றாவது கோடு விழுந்தது.

நாலு பதினைந்துக்கு மகள் கூப்பிட்டு, சார்ஜ் போட மறந்துவிட்டதாகச் சொன்னாள்.

---

உரிம அலுவலகத்தின் கிளினிக் மேடவாக்கம் போகும் சாலையில் இருந்தது. டாக்டர் ரெஹானாவுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். மேஜையில் பட்டாணியை நிறுத்தியதும் அது அவருடைய கையுறையை மோந்து பார்த்தது.

"மாத்து வீட்டுக்குக் குடுக்கறதுன்னாலும் பரவால்ல. திருவள்ளூர் பக்கம் நல்ல குடும்பம் ஒண்ணு இருக்கு," என்றார் டாக்டர்.

"அது முடியாதுங்க."

"அப்ப ஊசி. ஒரு தடவை போட்டா எடுக்க முடியாது. புரியுதா?"

"அது என்ன செய்யும் டாக்டர்? தெளிவாச் சொல்லுங்க."

"ஒருத்தர் கண்ணுக்கு மறைஞ்சா மனசு அவங்களைத் தேடிக்கிட்டே இருக்கும் இல்லையா? அந்தத் தேடலை மட்டும் நிறுத்திடும். மத்ததெல்லாம் இருக்கும். சாப்பிடும், விளையாடும், உங்களை அடையாளம் தெரியும். நீங்க வெளிய போனா கவலைப்படாது."

"திரும்பி வந்தா?"

டாக்டர் ஊசிக்குள் மருந்தை ஏற்றிக்கொண்டிருந்தார். "தேடாதது கிடைச்சா என்னங்க சந்தோஷம் இருக்கப் போகுது? பாக்கும். வந்துட்டீங்களான்னு."

அம்சவேணி பட்டாணியின் முதுகில் கை வைத்தாள். போட்டால் நம்மோடு இருக்கும், ஆனால் நமக்காக இருக்காது. போடாவிட்டால் வேறு யாருக்காகவோ இருக்கும். பதினேழு வருஷமாக மற்றவர்களுக்குச் சொன்ன 'பதறாதீங்க' ஒன்றுகூடத் தனக்கென்று மிச்சமில்லை.

"போடுங்க," என்றாள். குரல் தன்னுடையது மாதிரி இல்லை.

திரையில் எண் தொண்ணூற்று நான்குக்குப் போயிற்று. பட்டாணி மேஜைமேல் மல்லாந்து படுத்துக்கொண்டு ஊசியின் மூடியோடு விளையாடியது.

டாக்டர் ஊசியைக் கீழே வைத்தார். குட்டியைப் பார்த்தார். திரையைப் பார்த்தார். எதையோ தள்ளித் தள்ளிப் படித்தார்.

"நீங்க பதினேழு மணி நேரமா தூங்குறீங்க?"

"இங்கயும் அதே கேலியா டாக்டர்? நாலு மணி நேரம் தூங்கினா அதிசயம்."

"குட்டி நாலு மணி நேரம் தூங்குதுன்னு போட்டிருக்கு."

டாக்டர் பஞ்சில் ஸ்பிரிட்டைத் தொட்டு, பட்டாணியின் கழுத்துப் பட்டையில் இறுகிப்போயிருந்த சந்தனக் குங்குமத்தைத் துடைத்தார். நாலு வெள்ளிக்கிழமையின் பொட்டு, லேசில் வரவில்லை. அடியில் சின்னதாக ஒரு நீலப் புள்ளி.

"உங்க கையைக் குடுங்க."

அம்சவேணியின் மணிக்கட்டிலிருந்த பொட்டுக்கு அடியில் மஞ்சள் புள்ளி இருந்தது.

"மஞ்சள் பிராணிக்கு. நீலம் ஆளுக்கு," என்றார் டாக்டர். "சாமிகிட்ட வெச்சு எடுக்கும்போது மாறிடுச்சு போல. பொட்டு வெச்ச இடம் சரியா அந்தப் புள்ளி மேல."

"மாறினா மிஷினுக்குத் தெரியாதா?"

"யார் நாய், யார் மனுஷின்னு அதுக்கு எப்படித் தெரியும்? தவிப்பு ரெண்டு பேர் உடம்புலயும் ஒரே மாதிரிதான் ஓடுது." அவர் முதல்முறையாகச் சிரித்தார். "உங்க பட்டாணிக்குப் போன இருபத்தஞ்சு நாளும் எட்டு, பத்து, பன்னண்டு. என் கைக்கு வந்த குட்டிங்கள்லயே இவ்வளவு நல்லா வளர்த்த குட்டி கிடையாது. அந்த மூணு கோடும் உங்களுக்கு."

அம்சவேணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பதா அழுவதா என்று தீர்மானிக்க முடியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தாள்.

டாக்டர் சான்றிதழில் கையெழுத்துப் போட்டுக்கொண்டே தயக்கத்தோடு கேட்டார். "இருபத்தஞ்சு நாளா எழுபதுக்கு மேல ஓடுதுங்க. உடம்பு தாங்காது. மனுஷங்களுக்கும் இந்த ஊசி வந்திருக்கு, தெரியுமா? போன வருஷத்துலேருந்து. பிள்ளைங்க வெளிநாட்டுல இருக்கறவங்க நிறையப் பேர் போட்டுக்கறாங்க. பெரிய கம்பெனிங்கள்ல முகாமே வைக்கறாங்க."

"போட்டுக்கிட்டவங்க எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. வேலைக்குப் போறாங்க. சமைக்கறாங்க. சிரிக்கறாங்க." டாக்டர் பேனாவை மூடினார். "புஜத்துல, சின்ன வயசுல தடுப்பூசி போட்ட தழும்பு இருக்கும்ல, அதுக்குப் பக்கத்துல ஒரு பச்சைப் புள்ளி வரும். வேற ஒரு வித்தியாசமும் தெரியாது."

"எனக்கு வேணாம் டாக்டர்," என்றாள் அம்சவேணி. பட்டாணியைத் தூக்கிக்கொண்டாள்.

ஆட்டோவில் பாதி தூரம் வந்தபிறகுதான் பிப்ரவரி நினைவுக்கு வந்தது. தான் வேலை பார்க்கும் பம்ப் கம்பெனியில் மருத்துவ முகாம் என்று கருணாகரன் ஒரு சனிக்கிழமை போய்வந்தார். புஜத்தில் பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. "சத்து ஊசி," என்றார். அன்றைக்குத்தான் ரொம்ப நாள் கழித்து இரண்டாவது தடவை சாதம் போட்டுக்கொண்டார்.

ஜனவரி முழுக்க வாசலில் நின்றவர், பிப்ரவரியில் தேறிவிட்டார்.

டாக்டர் மாற்றிக் கட்டியதில், மணிக்கட்டில் இருந்தது இப்போது நீலப் பட்டை. எண்ணைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

---

கருணாகரன் பனியனோடு பால்கனியில் துணி மடித்துக்கொண்டிருந்தார். சட்டைகளின் கையெல்லாம் ஒரே கோட்டில் மடிந்திருந்தன. அவள் கிட்டே போய் இடது புஜத்தைப் பார்த்தாள். பழைய தழும்புக்குப் பக்கத்தில் பச்சை. முதுகுப்புறம் தள்ளி இருந்தது. எதிரில் நின்று பார்த்தால் தெரியாது. இத்தனை மாதமாக அவரைச் சுற்றிவந்து பார்க்க அவளுக்கு எந்தக் காரணமும் இருக்கவில்லை.

"பட்டாணி பாஸாயிடுச்சுங்க."

"அப்படியா? நல்லது."

"இது என்னங்க?"

அவர் குனிந்து தன் புஜத்தைப் பார்த்துக்கொண்டார். மறைக்கவில்லை. "முகாம்ல போட்டாங்க. பொண்ணு போனதுலேருந்து வேலையே ஓடல. மேனேஜர்தான் சொன்னார். வலிக்கல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொல்லணும்னுதான் கிளம்பி வந்தேன் வேணி." நெற்றியைச் சுருக்கி யோசித்தார். "வீட்டுக்கு வந்தப்பறம், சொல்லணும்னு தோணல."

துண்டை நாலாக மடித்து வைத்தார்.

அம்சவேணி தன் கையிலிருந்த நீலப் பட்டையைக் கழற்றி அவர் மணிக்கட்டில் கட்டினாள். எதற்கு என்று அவர் கேட்கவில்லை. மஞ்சள் பட்டை பட்டாணியின் கழுத்தில், சரியான இடத்தில் இருந்தது. சாவியை எடுத்தாள். செருப்பைப் போட்டாள். வாசலில் நின்று, கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் ஒருமுறைகூடச் சொல்லாததைச் சொன்னாள்.

"நான் போறேங்க."

கருணாகரன் நிமிர்ந்து பார்த்தார். அவள் கதவுப் பிடியை விடாமல் காத்திருந்தாள்.

"சரி," என்றார். "மழை வர மாதிரி இருக்கு. குடை எடுத்துக்கோ."

கதவைச் சாத்திக்கொண்டு லிஃப்டுக்கு எதிரே சுவரில் சாய்ந்து நின்றாள். கைப்பேசியில் இப்போது இரண்டு எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக ஓடின. நீலம் ஆறு. மஞ்சள் பத்து.

ஐந்து நிமிஷம் நின்றாள். லிஃப்ட் இரண்டு தடவை வந்து திறந்து மூடிக்கொண்டது. நீலம் ஆறு. பத்து நிமிஷம். பட்டாணியை வெறும் வாயோடு விட்டுவிட்டு அவள் வெளியே வந்ததேயில்லை. கிளம்பும்போதெல்லாம் தயிர்சாத உருண்டை கொடுத்திருப்பாள். இன்றைக்கு மறந்துவிட்டாள். மஞ்சள் பதினெட்டுக்கு வந்தது. அப்புறம் இருபத்தாறு.

கால் மணி ஆயிற்று. கதவின் அடிப்பக்கத்தில் நகம் உரசும் சத்தம் கேட்டது. ஒருமுறை. நிறுத்தி, மறுபடி.

குட்டி கூப்பிடும்போது திறக்கக் கூடாது, அடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது கையேட்டில் ஏழாம் பக்கம். அவளுக்கு மனப்பாடம்.

மஞ்சள் முப்பத்து மூன்று. நீலம் ஆறு.

இன்னும் ஒரு நிமிஷம் நீலத்துக்காக நின்று பார்த்தாள். பிறகு குனிந்து, கதவைத் திறந்தாள்.